எதிர்ப்பக்கம் பேசுவது பாவமா?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரு காலத்தில் கொதிக்கும் நெய்தான் தீர்ப்புச் சொன்னது. ஒழுக்கம் தவறியதாகப் பழி சுமத்தப்பட்ட நம்பூதிரி ஆண்கள் மலையாள நாட்டிலிருந்து இங்கே வருவார்கள். காய்ந்து கொதிக்கும் நெய்க்குள் ஒரு சிறு உருவத்தைப் போடுவார்கள். வந்தவர் வெறுங்கையை உள்ளே விட்டு அதை எடுக்க வேண்டும். எடுத்த கையைத் துணியால் சுற்றி முத்திரை வைப்பார்கள். மூன்று நாள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது கை வேகாமல் இருந்தால் அவர் குற்றமற்றவர். வெந்திருந்தால் அவருக்குச் சாதியில் இடமில்லை. இதற்குக் கைமுக்கு என்று பெயர். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இதை நிறுத்தினார்.

நான் அந்தக் கோயிலின் ரதவீதியில் வளர்ந்தவள். கைமுக்கைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் அதன் கொடுமையைத்தான் பேசுவார்கள். என்னை அதைவிட உறுத்துவது அதில் இருந்த மௌனம். பழி சொன்னவர் ஏன் சொன்னார், சுமந்தவரிடம் என்ன பதில் இருக்கிறது, நடுவில் யாருக்கு என்ன ஆதாயம் என்று எதையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. நெய் கொதித்தால் போதும். பெண்ணுக்கு அந்த வழிகூட இல்லை. ஸ்மார்த்த விசாரம் என்ற ஒழுக்க விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிப் பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், ‘சாதனம்’, அதாவது பொருள், என்பார்கள். 1905-இல் கொச்சி சமஸ்தானத்தில் குறியேடத்து தாத்ரி என்ற பெண்மீது நடந்த விசாரணையில் அவர் 64 ஆண்களின் பெயர்களைச் சொன்னார். அப்போதுதான் அந்த ஆண்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்லவும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் அனுமதி கிடைத்தது. ஒரு வழக்குக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் கேட்டாக வேண்டும் என்பது நமக்கு எவ்வளவு தாமதமாக வந்த வழக்கம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இப்போது திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறேன். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி மாதிரி நீதிமன்றப் பயிற்சி எங்களுக்குக் கட்டாயம், 30 மதிப்பெண். அதற்கு மேல் விருப்பம் உள்ளவர்கள் அணியில் சேர்ந்து போட்டிகளுக்குப் போகலாம். நான் சேர்ந்தேன். போட்டிக்கு முன்னால் ஒரு கற்பனை வழக்கின் கட்டு கைக்கு வரும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் எல்லாம் அதில் இருக்கும். எங்களில் சிலர் வக்கீல்கள், சிலர் சாட்சிகள். எந்தத் தரப்பு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். காலையில் அரசுத் தரப்பில் நின்றவர்கள் பிற்பகலில் அதே வழக்கில் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம், நிற்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு வந்தது வரதட்சிணைச் சாவு வழக்கு. கல்யாணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, சாவதற்குச் சற்று முன்பு வரதட்சிணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டாள் என்று காட்டப்பட்டுவிட்டால், அந்தச் சாவுக்குக் கணவன் வீட்டாரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 80-ஆவது பிரிவும், பாரதிய சாட்சிய அதிநியத்தின் 118-ஆவது பிரிவும் சேர்ந்து சொல்வது இது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. ஆயுள் வரைக்கும் போகலாம். சீட்டில் எனக்கு விழுந்தது கணவன் தரப்பு.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது ஆச்சியிடம் சொன்னேன். அப்படிப்பட்ட சாவு அவளுக்குச் செய்தித்தாளில் படிக்கிற விஷயம் இல்லை. சொந்தத்திலேயே ஒரு பெண்ணை அப்படிப் பறிகொடுத்தவள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மக்களே, அந்தப் பயலுக்கு வக்காலத்து வாங்கினா அவன் பாவத்துல பாதி உனக்கும் வரும்லா?” என்று கேட்டாள்.

“ஆச்சி, இது பரீட்சை மாதிரிதான்” என்றேன்.

“பரீட்சைக்குன்னாலும் உன் நாக்குதானே பேசுது?” என்றாள்.

இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. நாக்கு எதற்கு, உண்மை எங்கே இருக்கிறது, மனிதருக்கு அதில் எவ்வளவு எட்டும் என்பதெல்லாம் இதற்குள் இருக்கின்றன. ஆகவே இதைச் சமயத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு நம் பெரியவர்களிடம் போனேன்.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், சைவ சித்தாந்தத்தின் ஆதார நூல்களில் ஒன்று. அதில் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள். சுபக்கம் ஆசிரியரின் சொந்தக் கொள்கை. அதற்கு முன்னால் பரபக்கம் வருகிறது; அதில் மற்றவர்களின் கொள்கைகள். முதலில் நிற்பவன் உலகாயதன். கடவுள் இல்லை, மறுபிறப்பு இல்லை, கண்ணால் காண்பதே மெய் என்பவன். அவனுடைய கொள்கையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் மறுப்புத் தொடங்குகிறது. ஒவ்வொரு மதத்துக்கும் இதே முறை. சிவனையே கதி என்று நம்பிய ஒருவர், சிவன் என்று ஒருவன் இல்லை என்கிற வாதத்தைத் தன் கையாலேயே செய்யுளாக்கித் தருகிறார். அதனால் தன் பக்தி மாசுபடும் என்று அவர் நினைக்கவில்லை. உலகாயதர்கள் எழுதிய தமிழ் நூல் எதுவும் இன்று நம் கையில் இல்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை, அவர்களை மறுத்தவர்கள் எழுதி வைத்ததால்தான் தெரிந்துகொள்கிறோம்.

மணிமேகலையும் அப்படித்தான். வஞ்சி நகரில் அவள் ஒரு தவசியின் வேடம் பூண்டு, அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அதற்கென்று ஒரு தனிக் காதையே ஒதுக்கியிருக்கிறார் சாத்தனார். புத்தரிடம் போய்ச் சேர வேண்டிய கதையில் இத்தனை பேருக்கு வாய் கொடுக்க வேண்டுமா என்று அவர் தயங்கவில்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தை மறுக்க எழுந்தது நீலகேசி என்ற சமண நூல். குண்டலகேசி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சிய பாடல்களைத் தேடுகிறவர்கள் போய் நிற்கும் இடங்களில் ஒன்று, நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரை. எதிராளியைச் சாய்க்க நினைத்தவர்கள்கூட அவன் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டுத்தான் வாதத்துக்கு வந்தார்கள்.

எங்கள் அணியில் கோட்டாற்றுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாகர்கோவில் வடசேரியிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் பஸ் ஏறுவோம். ஆரல்வாய்மொழி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொள்வாள். அங்கே காற்றாடிமலையில்தான் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார். நட்டாலத்தில் 1712-இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்டவர்மாவின் கீழ் வேலை பார்த்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்.

அந்த அறிவிப்புகளுக்கு முன்னால் கடுமையான கேள்விகள் எழுந்தன. அவர் கொல்லப்பட்டது விசுவாசத்துக்காகவா, அரசகுற்றத்துக்காகவா? வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் வெளிப்படையாகவே இதைக் கேட்டார்கள். மறைசாட்சி என்று சொல்ல வேண்டுமானால் திருச்சபை அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது பழைய பழக்கம். 1587-இல் ஐந்தாம் சிக்ஸ்டஸ் என்ற போப்பாண்டவர் ஒரு பதவியையே ஏற்படுத்தினார். புனிதராக முன்மொழியப்பட்டவருக்கு எதிராக எத்தனை ஐயங்கள் உண்டோ அத்தனையையும் எடுத்து வைப்பதே அந்தப் பதவியில் இருப்பவரின் கடமை. ஜனங்கள் அவரைச் சாத்தானின் வக்கீல் என்றார்கள். திருச்சபை அவருக்குக் கொடுத்த பெயர் விசுவாசத்தை வளர்ப்பவர் என்ற பொருள் தருவது. 1983-இல் இரண்டாம் ஜான் பால் நடைமுறையை மாற்றி அந்தப் பதவியின் அதிகாரத்தைக் குறைத்தார். ஆனாலும் அன்னை தெரசாவுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்குவதற்கு முன், அவரைக் கடுமையாகச் சாடி எழுதிய கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்ற நாத்திகரை அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள்.

“கேள்வி கேட்டதால எங்க புனிதர் ஒண்ணும் குறைஞ்சு போகல. கேட்டு முடிச்ச பிறகுதான் எங்க பாட்டிக்கே நிம்மதி” என்றாள் என் தோழி. யூதர்களின் தால்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிர்த்தண்டனை வழக்கில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமுகமாகக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அவரை விடுவித்துவிட வேண்டும் என்கிறது. அவருக்காகப் பேச ஒருவருக்குமே ஒரு வார்த்தை தோன்றவில்லை என்றால், அந்த விசாரணையின்மேலேயே சந்தேகப்பட வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவையும் சொன்னாலும் ஆச்சியின் கேள்வி அப்படியே நிற்கிறது. நாக்கு என்னுடையதுதானே?

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் வக்கீல் அண்ணன் முதல் நாளே ஒரு கட்டுப்பாடு விதித்தார். “என் கட்சிக்காரர் நிரபராதி என்று நான் நம்புகிறேன்” என்று யாரும் பேசக் கூடாது. வக்கீலின் நம்பிக்கையை யாரும் கேட்கவில்லை. சாட்சியம் என்ன காட்டுகிறது, என்ன காட்டவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். எனக்குச் சாதகமில்லாத தீர்ப்பு ஒன்று எனக்குத் தெரிந்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. சாட்சிக்குப் பொய் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இல்லாத ஆவணத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஆச்சி பயப்படுகிற பாவம் இவற்றில்தான் இருக்கிறது. பொய் சொல்வது ஒன்று. ஒருவனுக்குச் சொல்ல இருப்பதை அவனுக்காக எடுத்துச் சொல்வது வேறு. பார் கவுன்சில் விதிகளே, எதிரி குற்றவாளி என்று தனக்குத் தோன்றினாலும் அதைப் பார்க்காமல் அவனுக்காக வாதாடுவது வக்கீலின் கடமை என்கின்றன. கோயம்புத்தூர் வக்கீல்கள் சிலருக்கும் போலீசாருக்கும் நடந்த மோதலில் போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானத்தை, 2010 டிசம்பரில் முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, அரசியல் சாசனத்துக்கும் சட்டத்துக்கும் வக்கீல் தொழிலின் தர்மத்துக்கும் விரோதமானவை என்றது.

நூல்களும் தீர்ப்புகளும் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது சாட்சிக் கூண்டுக்கு முன்னால்தான். இறந்த பெண்ணின் தாயாக நடித்தவள் என் கோட்டாற்றுத் தோழி. தன் அம்மாவின் பழைய நூல்சேலையை உடுத்தி, தலையைக் குனிந்தபடி நின்றாள். முதல் விசாரணையில், மாப்பிள்ளை பைக் வாங்கப் பணம் கேட்டு மகளை அடித்ததாகச் சொன்னாள். நான் எழுந்தேன். அந்தத் தாய் போலீசில் கொடுத்த வாக்குமூலம் என் கையில் இருந்தது.

“மகள் இறந்த அன்றே போலீஸ் உங்களை விசாரித்தார்கள், சரிதானே அம்மா?”

“ஆமா.”

“அந்த வாக்குமூலத்தில் பைக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “பிள்ளையக் குளிப்பாட்டிட்டு நிக்கும்போது வந்து கேட்டாவ. அப்ப என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது” என்றாள்.

அரங்கில் சத்தமே இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் அந்தத் தாயிடம் கேட்பதற்கு எதிரித் தரப்பில் நியாயமான கேள்வி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சுற்றில் பக்கம் மாறியது. இப்போது நான் அரசுத் தரப்பு. அதே கட்டை மறுபடி புரட்டினேன். வாக்குமூலம் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, உடல் எப்போது வீட்டுக்கு வந்தது என்று இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாயை முதல் விசாரணை செய்யும்போதே அந்த நேரத்தையும் அந்த நிலைமையையும் நானே கேட்டு வாங்கினேன். எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன்பே அந்த விடுபாட்டுக்குக் காரணம் சபைக்குத் தெரிந்துவிட்டது. கணவன் பக்கம் நின்று பார்த்திராவிட்டால், அந்தத் தாய்க்கு இப்படிக் காவல் நிற்க எனக்குத் தெரிந்திருக்காது. முறத்தைத் தட்டித் தட்டிப் புடைத்தால்தான் பதர் பறந்து மணி தங்கும். எதிர்வாதம் அந்தத் தட்டு. எதிர்வாதமே இல்லாமல் கிடைக்கிற தண்டனை, மேல்முறையீட்டில் ஒரு கேள்விக்குக்கூடத் தாங்காமல் போகலாம். அப்போது இறந்தவளுக்கு நியாயமும் போய்விடும்.

ஊருக்கு வந்து இதை ஆச்சியிடம் சொன்னேன். “அப்ப அந்தப் பிள்ளைக்காகத்தான் நீ அவன் பக்கம் பேசினியா?” என்று கேட்டாள். இல்லை, அவனுக்காகவும்தான் என்றேன். அவன் செய்தானா இல்லையா என்பது விசாரணை முடியும்வரை நமக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நடந்துகொள்வதுதான் கைமுக்கு. தெரியாது என்று ஒப்புக்கொண்டு இரண்டு பேரையும் கேட்பது விசாரணை. நெய்யைக் கொதிக்க வைத்தவர்கள் தங்களைப் பக்திமான்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் நாம் செய்ய வேண்டிய வேலையைத் தாணுமாலயன் தலையில் கட்டுவது பக்தியாகுமா? கேட்கக் காதும் யோசிக்க அறிவும் நமக்குத் தந்திருக்கிறான். அவற்றைச் சும்மா வைத்துக்கொண்டு அற்புதம் காட்டு என்று கேட்பது அவனைச் சோதிப்பதாகும். ‘எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்’ என்று மனதார நினைக்கிறவர்தான் எதிராளியைப் பேச விடுவார். எனக்குத் தெரிந்த வரையில் சமயங்கள் எல்லாம் அடக்கம் என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கமும் பேசத் தெரிந்த நாக்குக்குத் தனக்கென்று ஒரு பக்கம் இல்லாமல் போய்விடலாம். பாலி மொழிப் பௌத்த நூல்கள் சொல்லும் குண்டலகேசி என்ற பெண்ணின் கதை அதற்குத்தான் இருக்கிறது. அவள் ஊர் ஊராகப் போய் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டு, வாதத்துக்கு ஆள் கூப்பிடுவாள். யாராலும் அவளை வெல்ல முடியவில்லை. புத்தரின் சீடர் சாரிபுத்தர் ஒருநாள் அந்தக் கிளையைச் சிறுவர்களை விட்டு மிதிக்கச் சொன்னார். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒன்று என்பது எது? அவளுக்குப் பதில் தெரியவில்லை. அங்கேயே அவள் துறவு கேட்டாள். வாதத்தில் எல்லோரையும் வென்ற அவளுக்குத் தான் எதில் நிற்கிறோம் என்பது அந்தக் கேள்வி வரும்வரை தெரியாமலே இருந்திருக்கிறது. சிவஞான சித்தியாரில் பரபக்கத்துக்குப் பிறகு சுபக்கம் இருப்பதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். எல்லோர் பக்கத்தையும் சொல்லி முடித்த பிறகு, ‘இது என் பக்கம்’ என்று ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். எனக்கு அந்த இடம் தெரியும். பணத்துக்காக ஒரு பெண்ணை அடிக்கிறவன் குற்றவாளி. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. இன்னான்தான் அடித்தான் என்று சொல்வதற்கு முன்னால் அவனைக் கேட்க வேண்டும் என்பதிலும் கிடையாது.

இந்தப் பயிற்சி நீதிமன்றத்தோடு நிற்கக் கூடாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து, கிறிஸ்தவக் கலவரத்தை எங்கள் மாவட்டத்தில் மறந்தவர் யாரும் இல்லை. நீதிபதி வேணுகோபால் தலைமையில் ஆணையம் அமைத்து விசாரித்தார்கள். ஆனால் வீடுகளில் இன்றும் ஒரு பக்கக் கதைதான் ஓடுகிறது. எங்கள் தெருவில் சொல்லும் கதை வேறு, கடற்கரை ஊர்களில் சொல்லும் கதை வேறு. பிள்ளைகள் அவரவர் கதையைக் கேட்டே வளர்கிறோம். நானும் என் தோழியும் ஒருநாள் பஸ்ஸில் ஒரு காரியம் செய்து பார்த்தோம். அவள் வீட்டுக் கதையை நான் சொல்வது, என் வீட்டுக் கதையை அவள் சொல்வது. நடுவில் குறுக்கிடக் கூடாது. முடித்த பிறகு திருத்தலாம். நான் சொன்னதில் அவள் திருத்திய இடங்கள் உண்டு. அவள் சொன்னதில் நான் திருத்திய இடங்களும் உண்டு. திருத்தத் திருத்த, கடைசியில் ஒரு கட்டத்தில், “ஆமா, எங்க வீட்டுல இப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள் அவள். யார் சரி என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்தோம்.

நம் மாவட்டத்தில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அய்யாவழிப் பதிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும், சட்டம் படிக்காத பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு மாதிரி நீதிமன்றம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எதிராளி தன் பக்கத்தை நம் வாயால் கேட்டு, ‘நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவரை மறுக்க நமக்கு உரிமை உண்டு. அப்படிப் பேசுவது பாவமில்லை என்று ஆச்சியிடம் தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். புண்ணியம் என்றே நம்புகிறேன்.